செமி ஓப்பன் ஹெட்போன்: பெட்டியில் உள்ள எண்களும் காதில் விழும் ஒலியும்

சில ஆயிரம் ரூபாய்க்குள் வயர் ஹெட்போன் தேடுகிறவர் மூன்று வகைகளைப் பார்ப்பார்: க்ளோஸ்டு பேக், ஓப்பன் பேக், செமி ஓப்பன். முதல் இரண்டும் பெயரிலேயே புரிந்துவிடும். குழப்பம் மூன்றாவதில்தான். பாதி திறந்தது என்றால் வெளிச்சத்தம் பாதி கேட்குமா? பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) பாதியாகிவிடுமா? போனில் நேராகச் செருகினால் சத்தம் போதுமா, தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டுமா? பெட்டியில் "10 முதல் 30,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் அது நல்லதா?

"செமி ஓப்பன்" என்பது ஒரு கட்டுமான முறையின் பெயர். அது தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரே பெயரில் விற்கும் இரண்டு ஹெட்போன்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஒலிக்கலாம். அதனால் கட்டுமானத்தை முதலில் புரிந்துகொண்டு, அதன்பின் எந்த எண்ணை நம்புவது, எதைக் காதால் சோதிப்பது என்று போவதுதான் சரியான வழி.

முதுகுப் பக்கம் ஏன் முக்கியம்

ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர் ஒரு சின்ன ஸ்பீக்கர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. மின்னோட்டம் மாற மாறச் சவ்வு முன்னும் பின்னும் ஆடுகிறது. அது முன்னால் வரும்போது காதுப் பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆக, டிரைவர் எப்போதும் இரண்டு ஒலிகளை உண்டாக்குகிறது. ஒன்று காதுக்குப் போகிறது. அதற்கு நேர் எதிரான இன்னொன்று முதுகுப் பக்கம் போகிறது. இந்தப் பின்னொலியை எங்கே அனுப்புவது என்பதில்தான் மூன்று வகைகளும் பிரிகின்றன.

1. க்ளோஸ்டு பேக்: கிண்ணம் முழுக்க மூடியிருக்கும். பின்னொலி வெளியே போகாது. வெளிச்சத்தமும் ஓரளவு தடுக்கப்படும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலச் சவ்வை எதிர்த்துத் தள்ளும். கிண்ணத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, மெல்லிய சவ்வைத் தாண்டிக் காதுக்கும் வந்து சேரும். விலை குறைந்த மூடிய ஹெட்போன்களில் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. ஓப்பன் பேக்: முதுகில் வலையோ கிரில்லோ மட்டும் இருக்கும். பின்னொலி தடையில்லாமல் வெளியே போய்விடும். 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414தான் இந்த வகையின் தொடக்கம். டப்பாத் தன்மை இருக்காது. ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நாம் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஆழமான பேஸும் பல மாடல்களில் குறையும்.

3. செமி ஓப்பன்: முதுகு பெரும்பாலும் மூடியிருக்கும், சில இடங்களில் மட்டும் துளைகள் இருக்கும். துளைகளின் மேல் ஃபெல்ட் துணி, நுண்துளைக் காகிதம் அல்லது நெருக்கமான வலை ஒட்டியிருக்கும். காற்று அந்த இழைகளில் உரசிக்கொண்டு போகும்போது ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கரைகிறது. துளையின் அளவையும் துணியின் அடர்த்தியையும் மாற்றி மாற்றிப் பேஸ் எவ்வளவு, மிட் (நடுத்தர ஒலிகள்) எவ்வளவு என்று வடிவமைப்பாளர் சரிசெய்துகொள்கிறார்.

சோறு கொதிக்கும் பானையின் மூடியை லேசாக நகர்த்தி வைப்பது போலத்தான் இது. எவ்வளவு நகர்த்தினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த "எவ்வளவு" என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட முழுக்க மூடியதையும் செமி ஓப்பன் என்று விற்கலாம், கிட்டத்தட்ட முழுக்கத் திறந்ததையும் அப்படியே விற்கலாம்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களின் முதுகை அழுத்தாமல் மூடுங்கள். ஒலியின் தன்மை பளிச்சென்று மாறினால், பின்பக்கம் உண்மையாகவே திறந்திருக்கிறது. மாற்றமே தெரியாவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் அதை மூடிய ஹெட்போனாகவே கருதி மதிப்பிடலாம்.

ஓர் உதாரணம்: ஏகேஜி கே240

இந்த வகையில் அதிகம் பேசப்படும் பெயர் கே240. ஏகேஜி 1947இல் வியன்னாவில் தொடங்கிய நிறுவனம். 1970களில் வந்த முதல் கே240இல் டிரைவரைச் சுற்றி, தாமாக மின்சாரம் வாங்காமல் காற்றழுத்தத்தால் மட்டும் ஆடும் ஆறு சிறு சவ்வுகள் இருந்தன. அதனால்தான் அதற்கு "செக்ஸ்டெட்" என்ற பெயர். அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 600 ஓம். ஒலிப்பதிவுக் கூடங்களின் கருவிகளோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைத்த அளவு அது.

அப்புறம் பல பதிப்புகள் வந்தன. 1994இல் ஏகேஜியை ஹார்மன் என்ற அமெரிக்க ஒலிக்கருவி நிறுவனம் வாங்கியது; 2017இல் ஹார்மனே சாம்சங்கின் கைக்குப் போனது. அதே ஆண்டு வியன்னா தொழிற்கூடம் மூடப்பட்டது. இன்று கிடைக்கும் கே240 ஸ்டூடியோ 55 ஓம் மாடல், தயாரிப்பு சீனாவில்.

இந்த வரலாறு இங்கே தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. "கே240க்கு ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் முடியாது" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 600 ஓம் பதிப்புகளுக்கு அது பொருந்திய அறிவுரை. 55 ஓம் மாடலுக்கு அது அப்படியே பொருந்தாது. ஏன் என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும்.

பெட்டியில் உள்ள எண்கள்

1. அலைவெண் வீச்சு. "10–30,000 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருப்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த வீச்சு கிடைக்கிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 10 ஹெர்ட்ஸில் ஒலி 30 டெசிபெல் குறைந்து காதுக்கே எட்டாமல் போனாலும் பெட்டியில் 10 என்று போடலாம். மனிதக் காதின் எல்லையே இளவயதில் ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். வாங்கும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

2. டிரைவரின் அளவு. 50 மி.மீ. என்பதைப் பெரிதாக விளம்பரப்படுத்துவார்கள். கே240 ஸ்டூடியோவில் இருப்பது 30 மி.மீ. டிரைவர், இன்னொரு செமி ஓப்பன் ஹெட்போனான சூப்பர்லக்ஸ் எச்டி 681இல் இருப்பது 50 மி.மீ. இந்த வித்தியாசத்தை வைத்து எது நன்றாக ஒலிக்கும் என்று சொல்ல முடியாது.

3. இம்பீடன்ஸ். மாறும் மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓம் அளவில். அதிக ஓம் என்றால் அதே சத்தத்துக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படலாம். "தேவைப்படலாம்" என்று சொல்வதற்குக் காரணம், இந்த எண்ணைத் தனியாகப் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம்.

4. சென்சிட்டிவிட்டி. குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது. பல தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடுகிறார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடுகிறார்கள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

சத்தம் போதுமா: ஒரு சிறு கணக்கு

போனும் லேப்டாப்பும் கொடுப்பதை வோல்ட்டில் யோசிப்பது எளிது. அதனால் எல்லா ஹெட்போன்களையும் "ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல்" என்ற ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வழி இதுதான்: 1000ஐ ஓம் அளவால் வகுத்து, அதன் மடக்கையை 10ஆல் பெருக்கி, மில்லிவாட் கணக்கிலுள்ள டெசிபெல்லோடு கூட்ட வேண்டும்.

1. ஏகேஜி கே240 ஸ்டூடியோ: 55 ஓம், மில்லிவாட்டுக்கு 91 டெசிபெல். மாற்றினால் வோல்ட்டுக்கு ஏறக்குறைய 104.
2. சூப்பர்லக்ஸ் எச்டி 668பி: 56 ஓம், 98 டெசிபெல். மாற்றினால் 110க்குச் சற்று மேல்.
3. சாம்சன் எஸ்ஆர்850: 32 ஓம், 98 டெசிபெல். மாற்றினால் 113.
4. பேயர்டைனமிக் டிடி 880 ப்ரோ: 250 ஓம், 96 டெசிபெல். மாற்றினால் 102.

நான்காவது குறைந்த விலை ஹெட்போன் இல்லை. அதையும் சேர்த்ததற்குக் காரணம், 250 ஓம் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள் என்பதுதான். அது 55 ஓம் கே240ஐவிட 2 டெசிபெல் மட்டுமே குறைவு. ஓம் அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு வரிகளையும் பாருங்கள். ஓம் அளவு கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் சத்தத்தில் 7 டெசிபெல் இடைவெளி.

சரி, போனிலிருந்து எத்தனை வோல்ட் வரும்? ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான பதிப்பு அதிகபட்சம் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்கும் பதிப்பு சுமார் 0.5 வோல்ட். ஒரு வோல்ட்டில் கே240 எட்டும் உச்சம் 104 டெசிபெல். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே ஓடாது. நன்றாக அழுத்திக் கலந்த இன்றைய சினிமாப் பாட்டில் சராசரிச் சத்தம் உச்சத்தைவிடச் சுமார் 10 டெசிபெல் கீழே இருக்கும். கச்சேரிப் பதிவில் இடைவெளி 15, 20 கூட இருக்கும். அப்படியானால் சினிமாப் பாட்டு சராசரியாக 94 டெசிபெல் வரையும், கச்சேரி 84 முதல் 89 வரையும் போகும்.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான எல்லையாகச் சொல்வது 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல்லுக்கு ஏறினால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அதாவது, ஒரு வோல்ட் தரும் சாதாரண அடாப்டரே கே240இல் காதுக்குக் கேடு செய்யும் அளவுக்குச் சத்தம் தரும். அமைதியான அறையில் கேட்பவருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. 0.5 வோல்ட் தரும் கருவியில் 6 டெசிபெல் குறையும். அப்போது மென்மையாகப் பதிவான கச்சேரிகளில் "இன்னும் கொஞ்சம் ஏறினால் நன்றாக இருக்குமே" என்று தோன்றலாம். குறை அவ்வளவுதான். அடாப்டருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு பணத்தை ஆம்ப்ளிஃபயரில் போடுவதைவிட, அந்தப் பணத்தை ஹெட்போனிலேயே போடுவது மேல்.

அடாப்டரில் இரண்டு வகை

இப்போது பல போன்களில் 3.5 மி.மீ. துளையே இல்லை. கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-சி அடாப்டர்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டிஏசி சில்லு இருக்கும். இன்னொன்றில் எதுவும் இருக்காது, வெறும் கம்பி இணைப்பு மட்டுமே. இரண்டாவது வகை, போனே யூஎஸ்பி-சி வழியாக அனலாக் ஒலியை அனுப்பினால் மட்டும் வேலை செய்யும். பல போன்கள் அனுப்புவதில்லை. "ஹெட்போன் கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்புகிறவர்களில் சிலருக்கு உண்மையில் பழுது இந்த அடாப்டரில்தான் இருக்கும். டிஏசி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஆப்பிள் அடாப்டர் சில ஆண்ட்ராய்டு போன்களில் முழுச் சத்தம் தராமல் தாழ்ந்த அளவிலேயே நின்றுவிடும். அந்த போன்களுக்கு வேறு அடாப்டர் பார்ப்பது நல்லது.

பழைய ஒலிக்கலவை மிக்சர், ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் ஹெட்போன் துளையில் வேறு சிக்கல் வரும். அவற்றின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமாக இருக்கலாம். ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டி; கே240க்கு ஏறக்குறைய 7 ஓம். மிஞ்சினால் பேஸ் தளர்ந்து "பூம்" என்று பரவும். சத்தம் போதுமான அளவு வந்தும் ஒலி குழம்பலாகக் கேட்டால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஒலியின் சமநிலை: காதால் மட்டும் தெரிவது

வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இங்கேதான். மேலே சொன்னவை எல்லாம் ஹெட்போன் வேலை செய்யுமா என்பதைப் பற்றியவை. நன்றாக ஒலிக்குமா என்பது பேஸ், மிட், ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

"நேர்கோடாக இருக்கும் ஹெட்போனே சிறந்தது" என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். நம் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. புல்லாங்குழல் போல அதற்கும் ஒரு சொந்த ஒத்ததிர்வு உண்டு. அது 3,000 ஹெர்ட்ஸ் அருகில் விழுகிறது. எதிரே நின்று ஒருவர் பாடும்போது நம் செவிப்பறையை அடையும் ஒலியில் அந்தப் பகுதி இயல்பாகவே தூக்கலாக இருக்கும். அதே தூக்கல் ஹெட்போனிலும் வந்தால்தான் குரல் இயல்பாகத் தோன்றும். ஹார்மனில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் விருப்பத்தை வைத்தே சோதித்தன. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலையைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள்: 3,000 அருகே அந்த இயல்பான மேடு, கீழே பேஸில் கொஞ்சம் கூடுதல்.

செமி ஓப்பன் ஹெட்போன்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது இடத்தில். கே240 ஸ்டூடியோவில் 100 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள மேல்பேஸ் கொஞ்சம் பருமனாக இருக்கும்; அதற்கும் கீழே போகப் போக ஒலி சரிந்துவிடும். இது குறையா? நீங்கள் கேட்பதைப் பொறுத்தது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகர் என்றால் ஆதாரமே 196 ஹெர்ட்ஸ். ஆகக் கச்சேரியின் குரல், வயலின், வீணை எல்லாம் இந்த ஹெட்போன் பலமாக இருக்கும் பகுதியில்தான் வாழ்கின்றன. பேஸ் கிட்டாரின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சிந்தசைஸர் பேஸும் கிக் டிரம்மும் அந்தப் பகுதியில்தான் உதைக்கின்றன. குத்துப்பாட்டைப் பிரதானமாகக் கேட்பவருக்கு இந்த ஹெட்போன் ஏமாற்றம் தரும். அவருக்கு மூடிய வகையே பொருத்தம்.

சோதிக்க நன்கு பழகிய பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்ட வாத்தியமாக இருந்தால் இன்னும் நல்லது.

1. மிருதங்கத் தனி. தொப்பிப் பக்கத்தின் (இடக்கைப் பக்கம்) கும்கி என்ற வழுக்கு நாதம் கீழ்நோக்கி இறங்கும்போது சுருதி தெளிவாகத் தெரிய வேண்டும். வெறும் "தம்" என்ற உப்பல் மட்டும் கேட்டால் மேல்பேஸ் மிஞ்சிவிட்டது. வலந்தலையின் (வலக்கைப் பக்கம்) நாதம் சுருதியோடு சேர்ந்து நிற்க வேண்டும். கரணை என்ற கருப்புப் பூச்சிட்ட தோலின் மேல்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதை சி.வி. ராமன் 1920லேயே எழுதியிருக்கிறார். அந்த ஒழுங்குதான் அதைக் கேட்பதற்கு இனிமையாக்குகிறது. ட்ரெபிள் தேவைக்கு மேல் தூக்கியிருந்தால் வலந்தலை தகரத்தில் தட்டியது போல ஆகிவிடும்.

2. தம்புரா. தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாளி சரியாக இருந்தால் நாதம் மெல்லப் பிரிந்து விரியும். மிட் பகுதியில் பள்ளமிருக்கும் ஹெட்போனில் அந்த விரிவு தட்டையாகி, பின்னால் ஏதோ ஒரு ரீங்காரம் ஓடுவதாக மட்டும் தோன்றும்.

3. பேச்சு. செய்தி வாசிப்பவரின் குரலைப் பத்து நிமிடம் கேளுங்கள். ஸ, ஷ, ச ஒவ்வொன்றும் காதில் ஊசி போலக் குத்துகிறதா? சூப்பர்லக்ஸ் எச்டி 681இன் அறியப்பட்ட பலவீனம் இதுதான்: மேல் ட்ரெபிளில் ஒரு கூர்மையான மேடு. அந்த விலைக்கு அதன் பேஸும் விவரமும் வியப்பானவை. ஆனால் அந்த மேட்டை எல்லாராலும் தாங்க முடியாது. எச்டி 668பியும் எஸ்ஆர்850யும் கே240ஐவிட ட்ரெபிள் தூக்கலான ஒலிதான்.

4. நீண்ட நேரம். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் தலைவலியாகலாம். அன்றாடம் கேட்பதற்கு இந்தச் சோதனைதான் தீர்ப்பு.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைப்பது மிக அவசியம். சத்தம் ஒன்றிரண்டு டெசிபெல் கூடியதையே காது "தெளிவு" என்று எடுத்துக்கொள்ளும். மேலே பார்த்தபடி எஸ்ஆர்850 அதே வால்யூமில் கே240ஐவிட 9 டெசிபெல் சத்தமாக ஒலிக்கும். அப்படியே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் எது ஜெயிக்கும் என்பது கேட்கும் முன்பே முடிவாகிவிடும்.

ஒலி தலைக்கு வெளியே விரிவதைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். முதுகைத் திறந்தால் விரிவு தானாக வரும் என்பது பாதி உண்மை. டப்பாத் தன்மை குறைவதால் ஒரு காற்றோட்ட உணர்வு வரும். ஆனால் ஹெட்போனில் இடப்பக்க ஒலி இடக் காதுக்கு மட்டுமே போகிறது. ஸ்பீக்கரில் இரண்டு காதுகளுக்கும் போகும். முதுகில் எத்தனை துளை போட்டாலும் அந்த அடிப்படை மாறாது. விரிவை எதிர்பார்த்து மட்டும் இந்த வகையை வாங்க வேண்டாம்.

எந்த வீட்டுக்கு, எந்த வேலைக்கு

பஸ், ரயில், அலுவலகம் ஆகிய இடங்களுக்கு இது ஏற்றதில்லை. வெளிச்சத்தம் வரும், அதை அடக்க நாம் வால்யூமைக் கூட்டுவோம், பாதிக்கப்படுவது காது. வீட்டில் மின்விசிறியின் இரைச்சல் பெரும்பாலும் உள்ளே வரும். மென்மையான ஆலாபனையின் அடியில் அது ஓடிக்கொண்டிருப்பதை விரும்பாதவர் மூடிய ஹெட்போனை நாடலாம். இரவில் பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது, முழுக்கத் திறந்ததைவிடக் குறைவாக என்றாலும், கசிவு கேட்கத்தான் செய்யும்.

அனுகூலங்களும் உண்டு. காலிங் பெல்லும் குழந்தை கூப்பிடுவதும் காதில் விழும். ஆன்லைன் வகுப்பிலும் அலுவலக அழைப்பிலும் பேசும்போது நம் குரலே உள்ளே "கும்" என்று அடைத்து ஒலிக்கும் அவதி குறைவு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும் என்றால் இது பெரிய நிம்மதி. என் கணிப்பில், பலருக்கு இந்த வகையை வாங்க இதுவே போதுமான காரணம்.

நம் ஊர் வெயிலில் காதைச் சுற்றி அமரும் ரெக்சின் போன்ற திண்டுகள் வியர்க்க வைக்கும். முதுகில் துளை இருப்பதால் காது குளிர்ச்சியாகிவிடாது. தோலில் படுவது திண்டுதானே. வெல்வெட் திண்டு மாட்டினால் வியர்வை குறையும்; அதன் நெசவு வழியே காற்று கசிவதால் பேஸும் கொஞ்சம் இறங்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடியின் கை திண்டைத் தூக்கி ஒரு இடைவெளி விட்டால், கடையில் கேட்ட பேஸ் வீட்டில் இருக்காது.

வாங்கிய பிறகு திருத்தக் கூடியவை

ஒலிச் சமநிலையில் உள்ள பல குறைகளை ஈக்வலைசரால் (பேஸ், மிட், ட்ரெபிளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) சரிசெய்ய முடியும், அதுவும் செலவில்லாமல். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் ஆகியவை இதற்கு உதவும். அளந்து வைத்த பல ஹெட்போன்களுக்கான திருத்தங்கள் ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கே240இல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபெல் தூக்கலாம். எச்டி 681இல் குத்தும் மேட்டை 4 முதல் 6 டெசிபெல் வரை இறக்கலாம். தூக்கும் அளவுக்கு மொத்தச் சத்தத்தை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பேஸை 10 டெசிபெல் தூக்கி மூடிய ஹெட்போனாக்கிவிட முயல வேண்டாம். சின்ன டிரைவர் அந்த அளவுக்கு ஆடும்போது ஒலி சிதையும்.

திண்டு ஒலியின் ஒரு பகுதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அமுங்கிப்போனால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறையும், ஓரங்களில் கசிவும் கூடும். ஒலி மெல்ல மாறுவதால் நாம் கவனிப்பதே இல்லை. "நாளாக ஆகப் பழகி நன்றாகிவிட்டது" என்று சொல்வதிலும் பெரும் பங்கு டிரைவருக்கு இல்லை. திண்டு மென்மையாகித் தலைக்குப் பொருந்துவதும் நம் காது அந்த ஒலிக்குப் பழகுவதும்தான் காரணம்.

கேபிளை மறந்துவிடக் கூடாது. கே240இன் கேபிள் மூன்று முனை மினி எக்ஸ்எல்ஆர் இணைப்பில் கழற்றி மாட்டக்கூடியது. வயர் ஹெட்போனில் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் இந்தக் கேபிள்தான். கிண்ணத்தோடு பிணைந்த கேபிள் அறுந்தால் சால்டரிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். கழற்றக்கூடியது என்றால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. ஒலியில் ஏறக்குறைய சமமான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், கேபிளும் திண்டும் தனியாகக் கிடைப்பதையே எடுங்கள்.